கொதிக்க வைத்த பிறகும் வேலை செய்யும் மனிதப் புரதம்: உண்மையான ரிசல்ட்டா, ஈ.கோலை விட்டுப்போன மிச்சமா?

டோல்கேட்_பிப்பெட் (தண்டையார்பேட்டை)

வணக்கம் எல்லோருக்கும். எம்.எஸ்சி. பயோடெக் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். ப்ராஜெக்ட்டில் முக்கியமான இடத்தில் வந்து நின்றுவிட்டேன், லேபில் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள், அதனால் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பாதி சொன்னால் பாதி பதில்தான் கிடைக்கும் என்பதால் எதையும் விடாமல் எழுதுகிறேன்.

மனித எச்எஸ்பி 70 புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து, அதை டிஎச்பி-1 செல்களுக்கு (மோனோசைட் என்ற வெள்ளையணு வகை) கொடுத்தால் ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதம் சுரக்கிறதா என்று பார்ப்பதுதான் தலைப்பு. மனித ஜீனை பிஇடி-28ஏ பிளாஸ்மிடில் வைத்து பிஎல்21 டிஇ3 பாக்டீரியாவில் ஏற்றினோம். பாக்டீரியா வளர்ச்சியைக் காட்டும் ஓடி 0.6 வந்ததும், ஜீனை இயக்கிவிட 0.5 மில்லிமோலார் ஐபிடிஜி போட்டு, 18 டிகிரியில் ராத்திரி முழுக்க ஷேக்கரில் விட்டோம். காலையில் பெல்லட் எடுத்து சோனிகேட் செய்து, புரதத்தின் நுனியில் சேர்த்த ஹிஸ்-டேக் என்ற வாலைப் பிடிக்கிற நிக்கல் ரெசினில் ஏற்றி, 20 மில்லிமோலார் இமிடசோலில் கழுவி, 250-இல் இறக்கினோம். அப்புறம் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் டயாலிசிஸ், கடைசியில் 0.22 மைக்ரான் ஃபில்டர். ஜெல்லில் 70 கிலோடால்டனுக்குச் சற்று மேலே ஒரே பட்டை, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

பிஎம்ஏ கொடுத்துத் தயார் செய்த டிஎச்பி-1 செல்களில் ஒரு மில்லிக்கு 10 மைக்ரோகிராம் புரதம் போட்டால் ஐஎல்-6 நன்றாக ஏறுகிறது. பிபிஎஸ் மட்டும் போட்ட கிணறுகளில் (செல் வளர்க்கும் தட்டின் குழிகள்) ஒன்றுமே இல்லை. இதுவரை பிரச்சினை இல்லை. புரதத்தை 95 டிகிரியில் 20 நிமிடம் வைத்து எடுத்துப் போட்டபோதுதான் குழப்பம். ஐஎல்-6 முழுதாக நின்றுவிடும் என்று நினைத்தோம், நிற்கவில்லை. ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, அவ்வளவுதான்.

கைடு சொல்வது: குறைந்திருக்கிறது இல்லையா, அப்படியானால் புரதம்தான் காரணம். எச்எஸ்பி என்பதே வெப்பத்தைத் தாங்குகிற புரதம், அதனால் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பக்கத்து லேப் அக்கா சொல்வது: இதில் புரதத்துக்கு வேலையே இல்லை, நீ பார்ப்பது எண்டோடாக்சின், பாக்டீரியாச் சவ்விலிருந்து வருகிற நச்சு, எழுதாதே. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோல்தான் தெரிகிறது. நான் தெரிந்துகொள்ள விரும்புவது, ஒரே பட்டை வருகிற அளவு சுத்தமான புரதத்தில் எண்டோடாக்சின் எப்படி இருக்க முடியும், இருந்தால் அதை எப்படி நிரூபிப்பது, எப்படி எடுப்பது. எங்கள் துறையில் அதைச் சோதிக்கிற கிட் இல்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாகச் சொல்லுங்கள்.

---

பெரம்பூர்_க்யூசி

தங்கச்சி, முதலில் உங்கள் அக்கா சொன்னதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஊசி மருந்து தயாரிக்கிற தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன், எண்டோடாக்சின் பார்ப்பதுதான் தினசரி வேலை.

ஒரே பட்டை இருந்தால் சுத்தம் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். ஜெல்லில் நீங்கள் போடுகிற கூமாஸி சாயம் புரதத்தை மட்டும்தான் காட்டும். எண்டோடாக்சின் என்பது எல்பிஎஸ், அதாவது கொழுப்பும் சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்த மூலக்கூறு, கூமாஸிக்கு அது தெரியவே தெரியாது. ஈ.கோலையின் வெளிச்சவ்வில் வெளியே பார்த்திருக்கிற பக்கத்தில் முக்கால் பங்கு அதுதான், ஒரு செல்லிலேயே பத்து லட்சத்துக்கும் மேலான எல்பிஎஸ் மூலக்கூறுகள். சோனிகேட் செய்யும்போது அந்தச் சவ்வைத்தான் தூள்தூளாக உடைத்து உங்கள் புரதத்தோடு ஒரே குழாயில் கலக்கிறீர்கள். வாழைக்காய் நறுக்கிய கத்தியில் கறை பிடிப்பதுபோல, அது புரதத்திலும் பிடிக்கும், நிக்கல் ரெசினிலும் பிடிக்கும், பிளாஸ்டிக்கிலும் பிடிக்கும்.

டயாலிசிஸில் போயிருக்குமே என்று கேட்பீர்கள். போகாது. தனி மூலக்கூறாக 10 முதல் 20 கிலோடால்டன்தான் என்றாலும், தண்ணீரில் அது தனியாக இருப்பதே இல்லை, கூட்டமாகச் சேர்ந்து பத்து லட்சம் டால்டன் வரைக்கும் பெருத்துவிடும், பைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். 0.22 ஃபில்டர் உயிருள்ள பாக்டீரியாவை நிறுத்தும், எல்பிஎஸ்ஸை நம்பி அதனிடம் விட முடியாது. ஆட்டோகிளேவும் அப்படியே. நாங்கள் கண்ணாடிச் சாமான்களை 250 டிகிரி உலர் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துத்தான் எண்டோடாக்சின் போனதாகக் கணக்கில் எடுப்போம்.

இப்போது கணக்கைப் பாருங்கள், இதுதான் முக்கியம். எண்டோடாக்சினை இயூ என்ற அலகில் அளப்போம், 1 இயூ என்பது தோராயமாக 0.1 நானோகிராம் எல்பிஎஸ். கடையில் வாங்குகிற நல்ல ஆராய்ச்சிப் புரதத்தின் குப்பியில் ஒரு மைக்ரோகிராமுக்கு 1 இயூவுக்குக் கீழே என்று போட்டிருப்பார்கள், சிலவற்றில் 0.1. நீங்கள் ஒரு மில்லிக்கு 10 மைக்ரோகிராம் போடுகிறீர்கள். மைக்ரோகிராமுக்கு 1 இயூ இருக்கிற சரக்காக இருந்தாலே கிணற்றில் மில்லிக்கு 10 இயூ, அதாவது 1 நானோகிராம் எல்பிஎஸ் ஆகிறது, மோனோசைட்டுகளைக் கிளப்ப அதுவே போதும். எண்டோடாக்சின் எடுக்கிற படி எதுவும் இல்லாமல் நிக்கல் ரெசினிலிருந்து நேரே வந்த புரதத்தில் மைக்ரோகிராமுக்கு 100 இயூ இருக்கிறது என்று வையுங்கள், ஆச்சரியப்பட மாட்டேன். அப்படி இருந்தால் கிணற்றில் மில்லிக்கு 100 நானோகிராம். எல்பிஎஸ் பாசிட்டிவ் கன்ட்ரோல் என்று பல லேப்களில் போடுகிற அளவே அதுதான்.

இன்னொன்று, உங்கள் பிபிஎஸ் கன்ட்ரோல் சரியான கன்ட்ரோல் இல்லை. அந்த பிபிஎஸ் ஈ.கோலை பக்கமே போகவில்லையே. வெறும் பிஇடி-28ஏ, உள்ளே ஜீன் இல்லாதது, அதை அதே பாக்டீரியாவில் ஏற்றி, அதே ஐபிடிஜி, அதே சோனிகேட், அதே நிக்கல் ரெசின், அதே டயாலிசிஸ் என்று எல்லாம் செய்து, கடைசியில் வருகிற திரவத்தை அதே கொள்ளளவு போட்டுப் பாருங்கள். இதற்குத் தனியாகக் காசு ஒன்றும் ஆகாது. அதிலேயே ஐஎல்-6 ஏறினால் பாதி விஷயம் தெளிந்துவிடும்.

---

வியாசர்பாடி_வாசகன்

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் இம்யூனாலஜியில் பிஎச்.டி. செய்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நீங்கள் எடுத்திருக்கிற அதே புரதத்தில்தான் இந்தத் துறையே ஒருமுறை தடம் மாறிப் போனது.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனித எச்எஸ்பி 60, எச்எஸ்பி 70 இரண்டும் சைட்டோகைன் (செல்களுக்குள் அழற்சிச் செய்தி பரப்புகிற புரதம்) மாதிரி நடந்துகொள்கின்றன, மோனோசைட், மேக்ரோஃபேஜ் செல்களில் டிஎன்எஃப், ஐஎல்-6 எல்லாவற்றையும் கிளப்புகின்றன, செல்லின் மேல் இருக்கிற டிஎல்ஆர்-4, சிடி14 என்ற ஏற்பிகள் வழியாகத்தான் வேலை செய்கின்றன என்று வரிசையாகக் கட்டுரைகள் வந்தன. பெரிய இதழ்களில் வந்தன. அந்தப் புரதங்கள் பெரும்பாலும் ஈ.கோலையில் செய்தவை. டிஎல்ஆர்-4, சிடி14 இரண்டும் எல்பிஎஸ்ஸுக்கான வாசல்கள் என்பதும் அப்போதே எல்லோருக்கும் தெரியும். 2003-இல் காவ், சான் என்ற இருவர் எல்பிஎஸ் மிகக் குறைவாக இருக்கும்படி சுத்தம் செய்த எச்எஸ்பி 70-ஐ எடுத்து எலியின் மேக்ரோஃபேஜ் செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். டிஎன்எஃப் வரவில்லை. அதற்கு முன்னால் வந்துகொண்டிருந்தது தயாரிப்பில் ஒட்டியிருந்த எண்டோடாக்சினால் என்று காட்டினார்கள். எச்எஸ்பி 60-க்கும் அதே ஆண்டில் அதே மாதிரி முடிவு.

இதில் உங்களுக்கு நேரடியாக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, கைடிடமும் இதைத்தான் காட்ட வேண்டும். எல்பிஎஸ் கொதித்தாலும் சாகாது, புரதம் செத்துவிடும், எனவே கொதிக்க வைத்ததும் வேலை குறைந்தால் அது புரதம்தான் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த இருவரும் எல்பிஎஸ்ஸையும் அதே மாதிரி கொதிக்க வைத்துப் பார்த்தார்கள். அசுத்தமாக இருக்கிற அந்தச் சிறிய அளவில் எல்பிஎஸ்ஸின் வீரியமும் கொதிக்க வைத்தால் குறையத்தான் செய்கிறது. அதாவது நீங்கள் பார்க்கிற பாதிக் குறைவு, எல்பிஎஸ் மட்டுமே இருந்தாலும் வரக்கூடியது. கொதித்த பிறகும் முழுதாக வேலை செய்தால் எல்பிஎஸ் மேல் சந்தேகம் உறுதியாகும், ஆனால் கொதித்ததும் குறைந்துவிட்டது என்பதை வைத்து எல்பிஎஸ்ஸை விடுவிக்க முடியாது. கொதிக்க வைக்கும் சோதனையை ஒரு பக்கத்துக்குத்தான் நம்பலாம்.

"எச்எஸ்பி என்றால் வெப்பம் தாங்கும்" என்பதும் அப்படியே பொருந்தாது. செல் சூடானதும் அதிகமாகத் தயாராகிற புரதம் என்பதால் அந்தப் பெயர். மற்ற புரதங்கள் மடிப்பு கலைந்து போகாமல் பிடித்துக்கொள்கிற வேலை அதற்கு. மனித எச்எஸ்பி 70 மனித உடம்பின் வெப்பத்துக்கும் அதற்குச் சற்று மேலான காய்ச்சல் வெப்பத்துக்கும் ஏற்றது, 95 டிகிரியில் அதன் மடிப்பும் கலைந்துதான் போகும்.

எனவே செய்ய வேண்டியது, எல்பிஎஸ் மட்டும் இருக்கிற கிணறுகளை வெவ்வேறு அளவுகளில், மில்லிக்கு 0.1 நானோகிராமிலிருந்து 100 வரை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றையும் அதே 95 டிகிரி, அதே 20 நிமிடம் கொதிக்க வைத்துப் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் பாலிமிக்சின் பி என்ற ஆன்டிபயாடிக். அது எல்பிஎஸ்ஸின் கொழுப்புப் பகுதியைப் பிடித்துக் கட்டிவிடும். புரதம், புரதத்தோடு பாலிமிக்சின், எல்பிஎஸ், எல்பிஎஸ்ஸோடு பாலிமிக்சின், பாலிமிக்சின் மட்டும் என்று எல்லாமே வேண்டும். ஆனால் எல்பிஎஸ் நிறைய இருந்தால் பாலிமிக்சின் முழுவதையும் கட்ட முடியாமல் திணறும், அதனால் பாலிமிக்சின் போட்டும் ஐஎல்-6 மிச்சம் இருந்தால் அது உடனே புரதத்தின் வேலை ஆகிவிடாது. லிப்போபுரதம், ஃப்ளாஜெலின் போன்ற மற்ற பாக்டீரியாச் சரக்குகளையும் பாலிமிக்சின் தொடாது.

டிஎல்ஆர்-4 தடுப்பானைப் போட்டுப் பார்க்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு அதில் பிரயோஜனம் இல்லை, எச்எஸ்பி 70-உம் டிஎல்ஆர்-4 வழியாகத்தான் என்பதுதானே வாதமே. இரண்டில் எது காரணமாக இருந்தாலும் தடுப்பான் போட்டால் ஐஎல்-6 குறையும்.

---

காசிமேட்டுக்_கடலோரம்

நான் அறிவியல் படித்தவன் இல்லை, ஆனாலும் ஆர்வமாகப் படித்துக்கொண்டு வந்தேன். ஒரு சந்தேகம், தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம், தினமும் இன்சுலின் போடுகிறோம். அதுவும் மனித இன்சுலின், பாக்டீரியாவில் செய்தது என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் அதிலும் இந்த எண்டோடாக்சின் இருக்குமா? படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

---

பெரம்பூர்_க்யூசி

அண்ணே, கேட்டது ரொம்ப நல்லது, அம்மாவுக்கு இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்திவிடாதீர்கள். விளக்குகிறேன்.

மருந்தாக வருவதும் இந்தத் தங்கச்சி லேபில் செய்வதும் ஒரே வகை பாக்டீரியாவில் தொடங்கலாம், ஆனால் அதற்குப் பிறகு நடப்பது முற்றிலும் வேறு. மனிதப் புரதத்தை ஈ.கோலையில் செய்ய முடியும் என்று 1977-இல் முதலில் காட்டினார்கள், சொமாடோஸ்டாடின் என்ற 14 அமினோ அமிலம் கொண்ட சின்ன ஹார்மோன். அடுத்த ஆண்டே மனித இன்சுலின். 1982-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சில கம்பெனிகள் ஈ.கோலையிலும் சில கம்பெனிகள் ஈஸ்ட்டிலும் செய்கின்றன. எதில் செய்தாலும் பல படியாகச் சுத்தம் செய்து, ஒவ்வொரு பேட்சும் சோதனையில் தேறினால்தான் கேட்டைத் தாண்டி வெளியே போகும். பொதுவாக ஊசி மருந்துகளுக்கு எண்டோடாக்சின் வரம்பு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரத்தில் 5 இயூ என்பதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஆராய்ச்சிப் புரதத்தின் குப்பியில் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று ஒட்டியிருப்பதற்குக் காரணமே, அது இந்த வழியில் வரவில்லை, மனித உடம்பில் போடக்கூடாது என்பதுதான்.

எப்படிச் சோதிக்கிறோம் என்பதையும் சொல்கிறேன், நீங்கள் கடற்கரை ஆள் என்பதால் பிடிக்கும். முன்பெல்லாம் முயலின் காது நரம்பில் மருந்தைப் போட்டுக் காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பார்கள். 1956-இல் ஃபிரெட்ரிக் பேங் என்ற விஞ்ஞானி, குதிரைலாட நண்டின் ரத்தம் இந்த வகை பாக்டீரியா பட்டதும் உறைந்து கட்டியாவதைப் பார்த்து எழுதினார். அந்த நண்டின் ரத்தம் நீல நிறம். அதிலிருக்கிற ரத்தச் செல்களிலிருந்து எடுத்த சாறுதான் எல்ஏஎல் கிட். நம் நாட்டில் ஒடிசா, வங்காளக் கரைகளில் இந்த நண்டு வகைகள் உண்டு. இப்போது நண்டைப் பிடிக்காமலே, அதன் ஜீனை எடுத்து ஃபேக்டர் சி என்ற புரதத்தை மட்டும் தயாரித்துச் சோதிக்கிற கிட்டும் வந்துவிட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலை அது.

தங்கச்சி, உங்களுக்கு எளிமையானது ஜெல்-கிளாட் முறை. சின்னக் கண்ணாடிக் குழாயில் சாம்பிளும் எல்ஏஎல்லும் சம அளவு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு குழாயை மெதுவாக எடுத்து ஒரே ஓட்டத்தில் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். அடியில் கட்டி அசையாமல் நின்றால் பாசிட்டிவ், வழிந்து வந்தால் நெகட்டிவ். அந்த ஒரு மணி நேரமும் குழாயைத் தொடவோ ஆட்டவோ கூடாது, பாதி உறைந்த கட்டி ஒருமுறை உடைந்தால் திரும்பச் சேராது, பாசிட்டிவ் இருந்தும் நெகட்டிவ் மாதிரி வழிந்துவிடும். எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி பக்கம் லேப் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மேசை அதிரும். ஹீட்டிங் பிளாக்கை சாலைப் பக்கச் சுவரை ஒட்டி வைக்காமல் உள்பக்கம் கனமான மேசையில் வையுங்கள், அதே மேசையில் சென்ட்ரிஃபியூஜ் ஓட்டாதீர்கள்.

சாம்பிளை அப்படியே போடாமல் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று நீர்த்தும் போடுங்கள். உங்கள் பஃபரே எல்ஏஎல்லைத் தடுக்கிறதா என்று பார்க்க, தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சாம்பிளில் கலந்து அது திரும்பக் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிட் வாங்க வசதி இல்லாவிட்டால் மருந்துப் பரிசோதனைக் கூடங்கள் சாம்பிள் வாங்கிச் செய்து தருகின்றன, துறைக் கடிதத்தோடு போய்க் கேளுங்கள்.

---

ஒற்றியூர்_அண்ணன்

எல்லோரும் எண்டோடாக்சினிலேயே நிற்கிறீர்கள். எனக்கு அந்த ஜெல் பட்டை மேலேயே சந்தேகம். புரதம் சுத்தம் செய்வதிலேயே பல வருடம் இருந்தவன், அதனால் சொல்கிறேன்.

ஈ.கோலைக்குச் சொந்தமாகவே ஒரு எச்எஸ்பி 70 உண்டு, பெயர் டிஎன்ஏகே. மனித எச்எஸ்பி 70-இல் 641 அமினோ அமிலம், டிஎன்ஏகேவில் 638. ஜெல்லில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். பாக்டீரியாவுக்குள் வெளியாளின் புரதத்தை வலுக்கட்டாயமாகத் தயாரிக்க வைக்கும்போது, சரியாக மடியாத துண்டுகளைப் பிடித்துக்கொள்ள டிஎன்ஏகே ஓடிவரும், அப்படியே உங்கள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நிக்கல் ரெசினிலும் ஏறிவிடும். இது போதாதென்று ஆர்ன்ஏ என்று இன்னொன்று, 74 கிலோடால்டன், ஹிஸ்-டேக் எதுவும் இல்லாமலே நிக்கலில் ஒட்டுகிற குணம் அதற்கு. உங்கள் புரதத்தில் டேக்கும் சேர்ந்திருப்பதால் 70-க்குச் சற்று மேலே என்று சொல்கிறீர்கள், இந்த இரண்டும் அந்தப் பட்டைக்குள்ளேயே மறைந்திருக்கலாம். மற்ற புரதங்களில் டிஎன்ஏகே தனிப் பட்டையாகக் கண்ணில் படும், உங்களுக்குப் படாது, அதுதான் சிக்கல்.

பார்க்க வழி இருக்கிறது. மனித எச்எஸ்பி 70-ஐ மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடியில் ஒரு வெஸ்டர்ன் (ஆன்டிபாடி பிடிக்கிற புரதத்தை மட்டும் காட்டும் சோதனை), டிஎன்ஏகே ஆன்டிபாடியில் ஒரு வெஸ்டர்ன். கையில் காசு இருந்தால் பட்டையை வெட்டி மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்புங்கள். டிஎன்ஏகேவை விடுவிக்க, ரெசினில் புரதம் இருக்கும்போதே ஏடிபியும் மெக்னீசியமும் கலந்த பஃபரில் மெதுவாகக் கழுவ வேண்டும். ஏடிபி ஏறினால்தான் டிஎன்ஏகே பிடியை விடும். இமிடசோல் கழுவலை 20-இல் நிறுத்தாமல் 40 வரைக்கும் ஏற்றிப் பாருங்கள், புரதம் கொஞ்சம் போகும், போகட்டும்.

எண்டோடாக்சினை எடுப்பதற்கு எனக்குப் பிடித்த வழி ட்ரைட்டன் எக்ஸ்-114 என்ற டிடர்ஜெண்ட். ரெசினில் ஏற்றிய பிறகு 0.1 சதவீதம் ட்ரைட்டன் எக்ஸ்-114 கலந்த பஃபரை 4 டிகிரியில் தாராளமாக விட்டுக் கழுவுங்கள், பிறகு ட்ரைட்டன் இல்லாத பஃபரில் அதைவிடத் தாராளமாகக் கழுவுங்கள். எல்பிஎஸ் அந்த டிடர்ஜெண்டோடு போய்விடும். இதில் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. ட்ரைட்டன் எக்ஸ்-114 சுமார் 22 டிகிரிக்கு மேலே போனால் தண்ணீரிலிருந்து பிரிந்துவிடும். ஏசி இல்லாத அறையில், மே மாதத்தில், பஃபரை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால் பாட்டில் முழுக்கப் பால் மாதிரி வெளுத்திருக்கும். அந்த நிலையில் ரெசினில் ஊற்றினால் உள்ளே அடைத்துக்கொள்ளும். பஃபர், ரெசின், குழாய் எல்லாம் ஐஸில் இருக்க வேண்டும், குளிரறை இருந்தால் அங்கேயே உட்கார்ந்து முடித்துவிடுங்கள். கடைசியில் ட்ரைட்டன் மிச்சம் இருந்தால் உங்கள் செல்கள் செத்துப்போகும், செத்தால் ஐஎல்-6 வராது, அதை எண்டோடாக்சின் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐஎல்-6 பார்க்கிற அதே தட்டில் செல் உயிரோடிருக்கிறதா என்று ஒரு எம்டிடி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்பிஎஸ்ஸையே மாற்றியமைத்த ஈ.கோலை வகைகளும் விலைக்குக் கிடைக்கின்றன. மனித டிஎல்ஆர்-4 அடையாளம் காணாத வடிவத்துக்குக் கொழுப்புப் பகுதியை வெட்டிக் குறைத்தவை. மெதுவாகத்தான் வளரும், விலையும் அதிகம். ஒரு எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

---

டோல்கேட்_பிப்பெட்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டிஎன்ஏகே விஷயம் எங்கள் லேபில் யாருமே சொன்னதில்லை. இப்போது ஜெல் போட்டோவை மறுபடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், பட்டையின் கீழ் விளிம்பு கூர்மையாக இல்லை, இரண்டு பட்டை ஒட்டியிருப்பதுபோலத்தான் தெரிகிறது.

கைடிடம் 2003 விஷயத்தைச் சொன்னேன். கட்டுரையைக் கொண்டுவா, படிக்கிறேன் என்றார், கோபப்படவில்லை. ஆனால் எல்ஏஎல்லுக்கும் வெஸ்டர்னுக்கும் இரண்டுக்கும் பணம் இல்லை, ஏதாவது ஒன்றுதான் செய்ய முடியும். எங்கள் ஃப்ரீசரில் பாலிமிக்சின் பி இருக்கிறது, எல்பிஎஸ்ஸும் இருக்கிறது. எதை முதலில் செய்வது? அப்புறம் ட்ரைட்டன் கழுவலுக்குப் பிறகு ஐஎல்-6 முழுக்கப் போய்விட்டால் தீசிஸில் என்ன எழுதுவது? தலைப்பே போய்விடுமே என்று கவலையாக இருக்கிறது.

@காசிமேட்டுக்_கடலோரம் அண்ணா, அம்மா எப்படி இருக்கிறார்கள்?

---

காசிமேட்டுக்_கடலோரம்

நன்றாக இருக்கிறார்கள்மா. க்யூசி சார் சொன்னதை அப்படியே படித்துக் காட்டினேன். நண்டு ரத்தம் நீலம் என்பதை மட்டும் நம்ப மாட்டேன் என்கிறார்.

---

வியாசர்பாடி_வாசகன்

நண்டு ரத்தத்தில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு இருக்கிறது, அதனால் நீலம். அம்மாவிடம் சொல்லுங்கள் அண்ணே.

தங்கச்சி, பணம் இல்லை என்றால் வரிசை இப்படி. முதலில் காலி பிளாஸ்மிட் தயாரிப்பும் பாலிமிக்சின் தட்டும், இரண்டுமே கையில் இருப்பதை வைத்து முடியும். அப்புறம் ட்ரைட்டன் கழுவிய புரதம், கழுவாத புரதம் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஐஎல்-6 பாருங்கள். இருக்கிற காசை எல்ஏஎல்லுக்குப் போடுங்கள், வெளியே கொடுத்துச் செய்தாலும் இந்த இரண்டு சாம்பிளையும் அனுப்புங்கள், ஒன்றை மட்டும் அனுப்பினால் ஒப்பிட முடியாது. வெஸ்டர்ன் பிறகு. டிஎன்ஏகேவுக்கு ஏடிபி கழுவல் மட்டும் இப்போதே சேர்த்துவிடுங்கள், அதற்கு ஆன்டிபாடி வேண்டாம்.

தீசிஸ் விஷயத்தில் பயப்படவே வேண்டாம். ஐஎல்-6 போய்விட்டால் "நிக்கல் சுத்திகரிப்பு மட்டும் செய்த எச்எஸ்பி 70 தயாரிப்பு டிஎச்பி-1 செல்களில் ஐஎல்-6-ஐத் தூண்டியது, எண்டோடாக்சினைக் குறைத்ததும் தூண்டல் மறைந்தது" என்று எழுதுங்கள், பக்கத்திலேயே இரண்டின் இயூ அளவையும் போடுங்கள். அது முழுமையான ரிசல்ட், உங்கள் தரவிலிருந்து நேரே வருவது. வைவாவில் எந்த எக்ஸாமினர் உட்கார்ந்தாலும் எண்டோடாக்சின் கேள்வி வரும், அப்போது காட்டுவதற்கு உங்களிடம் படம் இருக்கும். மாறாக, கழுவிய பிறகும் ஐஎல்-6 மிச்சம் இருந்து, எல்ஏஎல்லில் எண்டோடாக்சின் மிகக் குறைவு என்று வந்து, அந்த அளவு எல்பிஎஸ் மட்டும் போட்டால் ஐஎல்-6 வராது என்றும் காட்டினால், அப்போது கைடு சொல்வதைப் பற்றித் தைரியமாகப் பேசலாம். அந்தக் கடைசி ஒப்பீடு இல்லாமல் பேசக்கூடாது.

இன்னொரு சின்ன விஷயம், டிஎச்பி-1 செல்களை எந்த சீரத்தில் வளர்க்கிறீர்களோ அதே பேட்ச் சீரத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். சீரத்தில் இருக்கிற எல்பிபி என்ற புரதம்தான் எல்பிஎஸ்ஸைப் பிடித்து சிடி14-இடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. பாட்டில் மாறினால் எல்பிஎஸ் ரெஸ்பான்ஸும் மாறும், இரண்டு தட்டுகளை ஒப்பிட முடியாமல் போய்விடும்.

---

ஒற்றியூர்_அண்ணன்

காலி பிளாஸ்மிட் கல்ச்சரிலும் கனமைசின் மறக்காமல் போடும்மா, ஐபிடிஜியும் அதே அளவு, அதே 18 டிகிரி. சோனிகேட் செய்யும் முன் இரண்டு பெல்லட்டையும் எடை போட்டுச் சமமாக எடுத்துக்கொள். ராத்திரி கரன்ட் போய் ஷேக்கர் நின்றிருந்தால் அந்த பேட்ச்சை விட்டுவிடு, இரண்டையும் சேர்த்தே மறுபடி வளர்க்க வேண்டும்.